கழித்த பட்டாள லாரியைக் கடலோரத்தில் வைத்துக் காப்பாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என்னிடம் உள்ள ஸ்டாலியன் லாரி பட்டாளத்தில் ஓடிய காலமெல்லாம் வறண்ட ஊர்களில் இருந்தது. நான் எடுத்து வந்தபோது சேஸிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், துரு என்று சொல்ல எதுவுமில்லை. கடலூர் முதுநகரில் என் கொட்டகைக்கு வந்த இரண்டாவது ஐப்பசி முடிவதற்குள், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே கையை விட்டால் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. இன்ஜின் மட்டும் முதல் நாள் ஓடியது போலவே ஓடியது. அன்றிலிருந்து இந்த வண்டி விஷயத்தில் எனக்கு ஒரே கணக்குதான். பட்டாளத்துக்காகக் கட்டிய இயந்திரத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். நம் காசையும் நேரத்தையும் உப்பும் தண்ணீரும் காற்றும் நுழையும் வழிகளை அடைப்பதில் போட வேண்டும். கீழே சொல்லப்போகும் வேலைகள் எல்லாமே இந்தக் கணக்கில் வருபவைதான்.

இப்படி ஒரு வண்டி நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் புதுச்சேரி கிருஷ்ணா நகரில் தேங்கிய வெள்ளத்தில் மாட்டியவர்களை மீட்க ராணுவமே வர வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கரைபுரண்டது. இடுப்பளவு தண்ணீரிலும் சேற்றிலும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஊருக்கு ஒன்று இருந்தால் என்ன பயன் என்பதை இந்தப் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்ற நாட்களில் தோப்பிலிருந்து மரம் இழுக்கவும், படகைக் கரையேற்றவும், மோட்டார் பம்பு ஏற்றிப் போகவும் உதவும்.

எந்த வண்டி, எப்படிப் பார்ப்பது

ஏலத்தில் பெரும்பாலும் கண்ணில் படுபவை மூன்று. பழைய சக்திமான், ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் 1959 முதல் 1996 வரை செய்தது. அடுத்தது டாடாவின் இரண்டரை டன் 713. மூன்றாவது அசோக் லேலண்ட் ஸ்டாலியன்; சாலையில் ஏழரை டன், காடு மேடு என்றால் ஐந்து டன். சக்திமான் மேல் ஆசை வராதவர்கள் குறைவு, எனக்கும் உண்டு. ஆனால் தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் டாடாவையோ ஸ்டாலியனையோ எடுங்கள். அவற்றின் இன்ஜினுக்கு நம் சாதாரண லாரிகளில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஃபில்டர், கிளட்ச் பிளேட், நாசில் எல்லாம் உள்ளூர் ஸ்பேர் கடையில் கிடைக்கும். சக்திமானுக்கு ஒரு கேஸ்கெட் வேண்டும் என்றால்கூட வெட்டித்தான் போட வேண்டும்.

ஏலம் மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி-யின் இணையதளத்தில் நடக்கும். முன்பணம் கட்டும் முன் நிபந்தனைகளை ஒருவரி விடாமல் படியுங்கள். சில லாட்டுகள் (ஏலத் தொகுதிகள்) பழைய இரும்பாக உடைப்பதற்கு மட்டும் விற்கப்படும். அப்படி எடுத்ததை எந்த ஆர்.டி.ஓ ஆபீஸிலும் பதிய முடியாது. இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில் என்பதுதான் விற்பனை முறை. அதனால் பார்வையிட அனுமதித்த நாளில் நேரில் போகாமல் விலை கேட்காதீர்கள்.

போகும்போது டார்ச், சுத்தியல், ஒரு வெள்ளைத் துணி, ஸ்பேனர் செட் எடுத்துப் போங்கள். அனுமதித்தால் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துணியில் தொடுங்கள். ஆயில் கருப்பாக இருப்பதில் தவறில்லை. மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். சேஸிஸைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு மணி போல் ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று சொல்லும். சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் லாட் விவரத்தோடு ஒப்பிட்டுப் போட்டோ எடுங்கள். இன்ஜின் மாற்றிய வண்டிகள் உண்டு. நம்பர் பொருந்தாவிட்டால் பின்னால் பதிவு செய்யும்போது மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டை, நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அடித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வெயிலில் நின்று பக்கச் சுவர் வெடித்த டயர், பட்டன் எவ்வளவு இருந்தாலும் நெடுஞ்சாலைக்கு ஆகாது.

காகிதம் முதலில், பெயிண்ட் அப்புறம்

பட்டாள வண்டிகளுக்கு நம்முடைய ஆர்.சி புத்தகம் கிடையாது. அவை தனிச் சட்டப் பிரிவில் பதிவானவை. ராணுவம் விற்றதற்கான அசல் விற்பனைச் சான்றிதழ்தான் உங்கள் வண்டியின் பிறப்புச் சான்றிதழ். புதிதாகப் பதிவு செய்ய அதுதான் அடிப்படை. நகல் எடுத்து, அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள், வண்டியில் வைக்காதீர்கள்.

கடலூர்க்காரர்கள் பலர் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிப் போய் புதுச்சேரியின் பி.ஒய் நம்பர் வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். உங்கள் வீடோ தொழிலோ வண்டி வழக்கமாக நிற்கும் இடமோ எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் பதிய வேண்டும். கடலூரில் நிற்கும் வண்டிக்கு டி.என் 31 நம்பர்தான் நிம்மதி.

ஆலிவ் பச்சை நிறம் ராணுவத்துக்கு மட்டும் உரியது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் எஃப்.சி (தகுதிச் சான்று) கிடைக்காது. அதேபோல் ஆர்.சியில் எழுதியிருப்பது ஒன்றாகவும் வண்டி வேறாகவும் ஆகும்படி எதையும் மாற்றக்கூடாது. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பாடி மாற்றுவது, இன்ஜின் மாற்றுவது, சேஸிஸை நீட்டுவது எல்லாம் முன்அனுமதி வாங்கித்தான். எனவே பாடி வரைபடத்தை முதலில் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு, பிறகு வெல்டரைக் கூப்பிடுங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி வருடா வருடம் காட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நின்ற வண்டியை முதல் முறை ஓட வைப்பது

டிப்போவில் பல மாதம் நின்ற இன்ஜினில், சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் கீழே வடிந்திருக்கும். பேட்டரியை மாட்டியவுடன் செல்ஃப் அடிப்பது பெரிய தவறு. முதலில் எல்லா எண்ணெயையும் வடித்துவிடுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி), முன் பின் கிரவுன் (ஆக்ஸில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) என்று ஐந்து இடம். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் பிடித்து ஒரு இரவு தெளிய விடுங்கள். காலையில் அடியில் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது; முதலில் ஆயில் சீலைப் பாருங்கள். இரும்புத்தூள் காந்தத்தில் மை போல் ஒட்டினால் இயல்பான தேய்மானம். சில்லு சில்லாக வந்தால் திறந்துதான் பார்க்க வேண்டும்.

எண்ணெய் ஊற்றும்போது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். கிரவுனுக்கு ஊற்றும் ஜி.எல்-5 வகை எண்ணெயை, ஒரே டின்தானே என்று சிங்க்ரோ கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். அதில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மம், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை வளையங்களை அரித்துவிடும். ஆறு மாதம் கழித்து கியர் கரகரவென்று விழும்போது காரணம் தெரியாமல் தவிப்பீர்கள். கியர்பாக்ஸுக்கு எந்த கிரேடு என்று கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் டீசல். டேங்கைக் கழற்றி இறக்கிச் சுத்தம் செய்வதைத் தவிர்க்கவே முடியாது. நின்ற டீசலுக்கு அடியில் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கருப்புக் கூழ் போல் படியும். அது ஃபில்டரை அடைக்கும், தண்ணீர், டீசலை நாசிலுக்கு அழுத்தி அனுப்பும் மைக்கோ பம்பின் பிளஞ்சரைத் துருப்பிடிக்க வைக்கும். டேங்கைக் கழுவிக் காயவைத்து, ரப்பர் டியூப் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பழைய டியூபில் டீசல் ஒழுகாது, ஆனால் காற்றை உறிஞ்சும். காலையில் வண்டி அடம்பிடித்து ஸ்டார்ட் ஆவதற்குப் பாதி காரணம் இதுதான்.

இனி ஏர் எடுப்பது, அதாவது டீசல் வழியில் மாட்டிய காற்றை வெளியேற்றுவது. ஃபில்டர் மேலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடித்துக்கொண்டே இருங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குங்கள். பிறகு பம்பில் உள்ள போல்ட்டில் இதையே செய்யுங்கள். கடைசியாக நாசில் பைப் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு இன்ஜினைச் சுழற்றினால் ஒவ்வொன்றாகத் துப்பும். துப்பியதை இறுக்கிக்கொண்டே வாருங்கள். அந்தத் துளியைக் கையால் தொட்டுப் பார்க்கவே கூடாது. நாசில் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சுழற்றும் முன்பு கிராங்க் நட்டில் நீளக் கம்பி போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது கெட்டியாக நின்றால் வலுக்கட்டாயம் செய்ய வேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம். தடையில்லாமல் சுற்றினால், ஸ்டாப் லீவரை இழுத்து வைத்துக்கொண்டு பத்துப் பத்து நொடியாகச் செல்ஃப் அடியுங்கள். ஆயில் மீட்டர் முள் எழுந்த பிறகுதான் லீவரை விட வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஒரு பிளைவுட் துண்டோடு நிற்கட்டும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் ராக் சிக்கியிருந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். அப்போது காற்றுக்குழாயின் வாயைப் பிளைவுட்டால் மூடுவதுதான் அதை நிறுத்தும் வழி. கையையோ துணியையோ வைக்காதீர்கள்.

மின்சாரம்

24 வோல்ட் வண்டி. இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையில் இருக்கும். பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுப்பது நம் ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி பட்டினி கிடக்கும், இன்னொன்று கொதிக்கும், இரண்டும் சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

லைட் எரியவில்லை என்று எலக்ட்ரீஷியன் வயரிங்கை வெட்டத் தொடங்கும் முன் சுவிட்சைப் பாருங்கள். இரவு அணிவகுப்புக்காக, வெளிச்சம் வெளியே தெரியாமல் ஓட்டும் நிலை ஒன்று இந்த வண்டிகளில் இருக்கும். பின் கிரவுன் வெள்ளையடித்திருப்பதும், அதன் மேல் சின்ன விளக்கு இருப்பதும் அதற்காகத்தான்; பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளையைப் பார்த்தே ஓட்டுவார். அந்த விளக்கை நான் கழற்றவில்லை. கும்மிருட்டில் ஜாக்கி போடும்போது அதன் அருமை தெரியும்.

கடற்கரைக்கு முக்கியமானது எர்த் ஸ்ட்ராப். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கும் போகும் இரண்டையும் வருடம் ஒருமுறை கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மாட்டிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். மங்கலான லைட், சோம்பலான செல்ஃப், பொய் சொல்லும் மீட்டர் ஆகிய மூன்றும் இந்த ஒரு வேலையில் சரியாவதை நான் பார்த்திருக்கிறேன். மெயின் சுவிட்சை இன்ஜின் ஓடும்போது அணைக்காதீர்கள்; டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டரின் டயோடு எரிந்துவிடும்.

ஏர் பிரேக்

நம் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரஸர் அதை அழுத்தும்போது ஈரம் தண்ணீராகி ஏர் டேங்கில் சேரும். தினமும் வண்டியை நிறுத்தியதும் டேங்க் வால்வைத் திறந்து வடியுங்கள். மார்கழியில் என் டேங்கிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வந்த நாள் உண்டு. ஏர் டிரையர் இல்லாத வண்டி என்றால் அதைப் பொருத்துவதை நான் முதல் மாற்றமாகவே சொல்வேன்.

ஏர் நிரம்பியதும் இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி முள்ளைப் பாருங்கள். இறங்கிக்கொண்டே போனால் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழியைத் தேடுங்கள். ஸ்பிரிங் உள்ள பின் பிரேக் சேம்பரை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொன்றுவிடும். அதை முழுசாக மாற்றுவதுதான் முறை.

இதே எச்சரிக்கை, டயரைப் பிடித்து நிறுத்த தனி இரும்பு வளையம் (லாக் ரிங்) வைத்த ரிம்முக்கும். காற்றடிக்கும்போது ரிம்மைச் சுற்றிச் சங்கிலி போட்டு, பக்கவாட்டில் விலகி நின்று, நீளமான குழாயால் அடிக்க வேண்டும். பஞ்சர் கடையில் அவசரப்பட்டால் அவசரப்படட்டும், நீங்கள் சங்கிலியைக் கேளுங்கள்.

நான்கு சக்கர இழுவை

நான் செய்த மிகப் பெரிய பிழை இங்கேதான். தாழங்குடா மணலிலிருந்து முன் ஆக்ஸிலைப் போட்டு ஏறி வந்தவன், அதை எடுக்க மறந்து தார் ரோட்டில் திரும்பித் திரும்பி ஊருக்குள் வந்தேன். முன் ஷாஃப்டை இணைக்கும் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரையில் இழுபட்டது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடுகின்றன. மணலில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். காய்ந்த ரோட்டில் வழுக்க இடமில்லாமல் முறுக்கம் ஷாஃப்டில் ஏறும். ஸ்டீயரிங் கனமானாலோ, லீவர் கழல மறுத்தாலோ முறுக்கம் ஏறிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் பின்னால் எடுத்தால் விடுபடும்.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறையுங்கள், ரோட்டுக்கு வந்ததும் நிரப்புங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

பெரிய பலன் தரும் மாற்றம் மிகச் சிறியது. முன் பின் கிரவுன், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். ஓடிச் சூடான கிரவுன் வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கும். அப்போது மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஒவ்வொரு மூச்சுக்குழாயிலும் ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் மாட்டி, கேபினுக்குப் பின்னால் உயரமாகக் கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். உங்கள் வண்டியில் ஏற்கெனவே அப்படி இருந்தால் குழாயில் விரிசல் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் திரும்பச் செல்ஃப் அடிக்காதீர்கள். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராட் வளையும். இழுத்து வெளியே கொண்டுவந்து, நாசில்களைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது.

பாடியில் பக்கக் கதவு திறக்கும் பட்டாள அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஏணியும் கைப்பிடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பம்பு வைக்க அடியில் போல்ட் துளைகள் போதும். கேபின் சூடும் சத்தமும் தாங்க முடியாதது. இன்ஜின் மூடிக்கு உள்பக்கம் தீப்பிடிக்காத வெப்பத்தடுப்பு ஒட்டினால் நீண்ட பயணம் சாத்தியமாகும். ஸ்பிரிங் பட்டை சேர்த்து உயர்த்துவதும், பெரிய டயர் போடுவதும் வேண்டவே வேண்டாம். வண்டி ஏற்கெனவே உயரம், ஈ.சி.ஆரில் பக்கக்காற்று அடிக்கும்போது புரியும்.

டீசல் பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். இழுவை கூடும், உண்மைதான். கூடவே கரும்புகையும் வெப்பமும் கூடும், பிஸ்டன் உருகும். காலிப்ரேஷன் செய்ய பம்ப் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் கொடுத்து, கம்பெனி அளவுக்கே வைத்து வாங்குங்கள். டர்போ உள்ள இன்ஜினை நிறுத்தும் முன் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

உப்பு

பழைய ஆயிலைச் சேஸிஸில் அடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். நான் விட்டுவிட்டேன். ரப்பர் புஷ் ஊறிப்போகிறது, மண்ணில் சொட்டுகிறது, முதல் மழையில் கழுவிக்கொண்டும் போகிறது. துறைமுகத்தில் இரும்புப் படகுக்கு அடிக்கும் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பெயிண்டைப் பற்றி அங்கே வேலை செய்யும் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். செதிலைச் சுத்தியலாலும் ஒயர் பிரஷாலும் எடுத்து, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, இரண்டு வெயில் காயவிட்டு, துத்தநாகப் பிரைமர், அதன்மேல் எபாக்சி. உப்பு ஒட்டியிருக்கும் இரும்பின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அடியில் கொப்புளித்துவிடும். அதனால் கழுவுவதுதான் வேலையில் பாதி. வயர் பிரஷ் எட்டாத சேஸிஸ் பெட்டிக்குள் மெழுகு வகை ஸ்பிரே விடுங்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைத்த மரக்கட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும் இடம். எனக்கு முதலில் உதிர்ந்தது அங்கேதான். அங்கே கன்வேயர் ரப்பர் பட்டையை மாற்றி வைத்தேன்.

கடற்கரைக்குப் போய் வந்த அன்றே, அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள். நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

ஸ்பேர்

இன்ஜினுக்குக் கவலையில்லை. கிடைக்காதவை டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லும், முன் ஆக்ஸில் ஜாயிண்டும்தான். அவை ஏலச் சாமான் விற்பவரிடம் எப்போது கண்ணில் பட்டாலும் வாங்கி, கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டி வையுங்கள். மற்றபடி பட்டாள ஸ்பேர் என்று தேடி அலைய வேண்டாம். பேரிங்கைத் துடைத்தால் விளிம்பில் நம்பர் இருக்கும். அந்த நம்பர் பெரும்பாலும் உலகம் முழுக்க ஒன்றே. நெல்லிக்குப்பம் ரோட்டிலும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி நிலையத்தருகிலும் அதையே சொல்லி வாங்கலாம். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்தால் போதும். கழற்றும் ஒவ்வொன்றின் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டில் இப்போது நாற்பது பக்கம் இருக்கிறது.

வருடத்தில் இரண்டு முறை வண்டியை முழுசாக நிறுத்துகிறேன். புரட்டாசியில் மழைக்கு முன்: மூச்சுக்குழாய், எர்த், வைப்பர், பேட்டரி, டயர். தை பிறந்ததும் மழைக்குப் பின்: நான்கு ஹப்பையும் திறந்து, பழைய கிரீஸை விரலில் எடுத்துப் பார்க்கிறேன். வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்கை டீசலில் கழுவி, காயவைத்து, புது கிரீஸை உருளைகளுக்கு உள்ளே போகும்வரை உள்ளங்கையால் அழுத்தி நிரப்பி, சீலைப் புதிதாகப் போட்டுத்தான் மூடுகிறேன்.